கரட்டு முனியப்பனுக்கு மனு

காளப்பன்புதூர்க்காரர்களுக்கு மின்சார வாரியத்துக்கு எழுதுவதும் சாமிக்கு எழுதுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு இடத்திலும் உடனே பதில் வராது. ஆனால் எழுதிக் கொடுக்காவிட்டால் காரியமே நடக்காது. ஊருக்கு மேற்கே கரடு என்று சொல்கிற பாறைக் குன்றின் உச்சியில் இருக்கிற முனியப்பனுக்குத் தேங்காய் பழமெல்லாம் அப்புறம்தான், முதலில் மனு. வெள்ளைத் தாளில் எழுதி, நான்காக மடித்து, மஞ்சள் கயிறு சுற்றி, சாமிக்கு முன்னால் நட்டு வைத்திருக்கிற வேல்களில் ஒன்றில் கட்டிவிட்டு வர வேண்டும். நினைத்தது நடந்தால் அவிழ்த்துக்கொள்ளலாம். நடக்காதது மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, தானே உதிர்ந்து போகும்.

அந்த மனுக்களை இருபத்தைந்து வருஷமாக ஊருக்கே எழுதிக் கொடுத்தவர் தம்பிதுரை. ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிற விவசாயி. பத்தாவது பாஸ். ஒருகாலத்தில் தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும் ஊர் சார்பாக எழுதிப் பழகிய கை என்பதால், சாமிக்கும் அதே தோரணையில்தான் எழுதுவார். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் இருக்கும். 'பெறுநர்: அருள்மிகு கரட்டு முனியப்பசாமி அவர்கள், காளப்பன்புதூர் அஞ்சல்' என்று எழுதி, பின்கோடு நம்பரும் போடுவார். பூசாரி கண்ணையா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தம்பிதுரை சிரிக்க மாட்டார். எழுதுவதென்றால் முறையாக எழுத வேண்டும் என்பது அவர் கட்சி.

அமாவாசைக்கு அமாவாசை மத்தியானம் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மாட்டுக்குச் சினை நிற்கவில்லை, போர்வெல்லில் தண்ணீர் இல்லை என்று சொல்வதையெல்லாம் அவர் தலையைக் குனிந்தபடி எழுதுவார். கடைசியில் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "வேறெ ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்பார். மாட்டுக்காக வந்த ஆள் அப்போதுதான் மெல்ல மகள் கதையை ஆரம்பிக்கும். அது என்ன கதை என்று அவர் மனைவி மாரியாத்தாளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. "என்னுங், அந்தக்கா அழுதுட்டுப் போவுது?" என்று கேட்டால், "மாட்டுக்குச் செனை புடிக்கோணுமாமா" என்பார். அவ்வளவுதான். கட்டிய பெண்டாட்டியிடம்கூட அடுத்தவர் மனுவைத் திறக்காத மனுஷன்.

அந்த மனுஷன் எட்டு மாதமாகப் பேசவில்லை.

கிழக்குத் தோட்டத்தில் அறுபத்திரண்டு மரத்துக்கு வேர்வாடல் வந்ததுதான் தொடக்கம். பொள்ளாச்சிப் பக்கமெல்லாம் தென்னையைப் பிடித்து ஆட்டுகிற நோய். மட்டைகள் எலும்பில்லாததுபோலத் தொங்கிப்போயின, காய் சிறுத்தது. தம்பிதுரை இரண்டு வருஷம் வேப்பம்புண்ணாக்கு வைத்தார், உப்பு வைத்தார், ஆபீஸர் சொன்னது சொல்லாதது எல்லாம் செய்து பார்த்தார். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் மாரியாத்தாள்தான் சொன்னாள், "வெட்டிப்போடலாமுங். இல்லீன்னா மேக்காலத் தோட்டத்துக்கும் தாவிப்போயிரும்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினார். கார்த்திகையில் மிஷின் வாள் வந்தது. மூன்று நாள் சத்தம். நான்காம் நாள் சத்தம் நின்றது. அவருடைய பேச்சும் ஏறக்குறைய அத்தோடு நின்றுபோனது.

முதலில் வெளி ஆட்களிடம் பேசவில்லை. பிறகு போனை எடுக்கவில்லை. தைப் பொங்கலுக்குள் வீட்டிலும் தலையாட்டல்தான். கேட்டைத் தாண்டிப் போவதே இல்லை. மனு எழுத வந்தவர்களைப் பார்த்துக் கையை மட்டும் விரித்தார். வந்தவர்கள் போனார்கள், அப்புறம் வருவதும் நின்றது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற மகன் மதன்குமார் வந்து கோயமுத்தூரில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வந்தது, கொஞ்சம் பசி வந்தது. பேச்சு பைய வரும் என்றார் டாக்டர்.

பைய என்றால் எத்தனை நாள் என்று டாக்டரும் சொல்லவில்லை, மாரியாத்தாளுக்கும் கேட்கத் தெரியவில்லை. மரத்தை வெட்டச் சொன்னவள் தான் என்பதால்தான் தன்னிடம் பேசவில்லை என்று அவள் மனதுக்குள் முடிவே கட்டியிருந்தாள். முப்பத்தொரு வருஷம் ஒட்டுக்காகச் சேர்ந்து வாழ்ந்தவர் கோபத்தில் இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், தம்பிதுரை கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும்போது, "ஆனைமல வரைக்கும் போய்ட்டு வாரனுங்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். காரணம் சொல்லவில்லை. ஊருக்குள் மனு எழுதத் தெரிந்தவர்கள் வேறு நாலு பேர் இருந்தார்கள்தான். ஆனால் அந்த ஊரில் எவர் எழுத்து எவருடையது என்று எல்லாருக்கும் தெரியும். எழுதுகிறவருக்கு வாயும் இருக்கும். மாரியாத்தாளோ இரண்டாம் வகுப்போடு நின்றவள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், தன் பெயரையும் அவர் பெயரையும் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். அதற்கு மேல் இல்லை. ஆனைமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாஜிதா பேகம் கடையில் சாமி மனு கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிறார்கள் என்று பால் சொசைட்டியில் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தாள்.

கடை என்பது ஒரு ஜெராக்ஸ் மிஷினும் ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு ஸ்டூலும். சாஜிதா பேகத்துக்கு நாற்பது வயதிருக்கும். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, ஆதார் கார்டு ஒன்றை மிஷினில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் அம்மணி, இங்க சாமி மனு அடிச்சுத் தர்றீங்கன்னாங்க."

"ஆமாங்கக்கா, உக்காருங்க. எந்தச் சாமிக்குங்க?"

"கரட்டு முனியப்பனுக்கு."

"அப்ப ரெடியாவே இருக்குதுங்க. பேர மாத்துனாப் போதும்."

மாரியாத்தாள் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். "எனக்கு என்ன வெசனம்னு நானே இன்னஞ் சொல்லலியே. அதுக்குள்ள எப்படிங் ரெடியாச்சு?"

சாஜிதா சிரித்துவிட்டாள். "அட்ரஸ் ரெடியா இருக்குதுன்னு சொன்னனுங்கக்கா. மேல இருக்கறது எல்லாத்துக்கும் ஒண்ணுதான். நடுவுல மட்டும் அவிங்கவிங்க கதை. பேர் சொல்லுங்க."

பெயர் சொன்னாள். ஊர், கணவர் பெயர் சொன்னாள்.

"செல் நம்பருங்?"

"சாமிக்கு எதுக்குங் செல் நம்பரு?"

"ஃபார்மேட்ல இருக்குதுங்கக்கா. இருந்துட்டுப் போவுது."

மாரியாத்தாள் நம்பரைச் சொல்லிவிட்டு, திரையில் எழுத்து ஒவ்வொன்றாக வந்து நிற்பதைப் பார்த்தாள். எல்லாம் ஒரே உயரம், ஒரே தடிமன். "இத்தப் பாத்தா ஆரு எழுதுனதுன்னு தெரியாதில்லீங்க?"

"தெரியாதுங்க. கல்யாணப் பத்திரிகைக்கும் இதே எழுத்துத்தான், கலெக்டர் ஆபீஸ் நோட்டீசுக்கும் இதே எழுத்துத்தான்."

அது மாரியாத்தாளுக்குப் பெரிய தெம்பாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், "என்ற ஊட்டுக்காரரு பேச மாட்டீங்கறாருங். எட்டு மாசமாச்சு."

"சண்டைங்களா?"

"சண்டைன்னாத் தேவலையே. மரத்த வெட்டுனதுல இருந்து இப்படி ஆயிப்போச்சுங். சோறு வெச்சாத் திங்கறாரு. மாத்தர குடுத்தா வாங்கிக்கறாரு. நாந்தான் ஊடு முச்சூடும் பேசிட்டுத் திரியறேன். ஒருநாளைக்குக் கோழிகிட்டப் பேசறேன், ஒருநாளைக்கு மோட்டார்கிட்டப் பேசறேன். கிறுக்குப் புடிச்சுப்போயிருமாட்ட இருக்குதுங்."

 சாஜிதா தட்ட ஆரம்பித்தாள். தட்டத் தட்ட வாய்விட்டுப் படித்தும் காட்டினாள். நன்றாகத்தான் எழுதினாள். பாதி வரியில் கரண்ட் போய்விட்டது. ஆடிக் காற்றில் ஆனைமலையில் கரண்ட் போவது புதிதில்லை. பேட்டரி ஒருமுறை கீச்சென்று கத்திவிட்டு அதுவும் அடங்கியது.

முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் சாரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாஜிதா கோயமுத்தூர் உக்கடத்தில் பிறந்தவள், கல்யாணமாகி இங்கே வந்தவள். வந்த புதிதில் இந்தக் காற்றுக்குப் பயந்து அழுததாகச் சொன்னாள். கரண்ட் வரும்போது கடையில் ஏழு பேர் சேர்ந்திருந்தார்கள். காளப்பன்புதூர் பஸ் வேறு ஆரன் அடித்துக்கொண்டிருந்தது.

"சித்த நில்லுங்கக்கா, தோ வந்துருச்சு" என்று சாஜிதா அவசரமாகத் திறந்து, அவசரமாகப் பிரிண்ட் கொடுத்தாள். மாரியாத்தாள் தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள். மாரியாத்தாள் என்று இருந்தது. தம்பிதுரை என்றும் இருந்தது. நிறைவாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மரத்தை வெட்டச் சொன்னது தான்தான் என்பதை மட்டும் அவள் சாஜிதாவிடம் சொல்லவில்லை. 'வேறெ ஏதாச்சும் இருக்குதுங்களா' என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

மறுநாள் அமாவாசை. கரட்டில் ஏறி, தெற்கு ஓரத்து வேலில் மனுவைக் கட்டி, கண்ணை மூடி நின்றுவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் கோழியிடம் பேசவில்லை.

நாலாம் நாள் காலையில் மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"அக்கா, நான் ஆனைமலை ஜெராக்ஸ் கடை சாஜிதாங்க. கோவிச்சுக்காதீங்கக்கா, ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சுங்க."

"என்னுங் அம்மணி, மொதல்ல அழாமச் சொல்லுங்."

அழுகைக்கு நடுவில் வந்தது இதுதான். சாஜிதா எல்லா மனுவையும் பழைய மனு ஒன்றைத் திறந்து அதன்மேல்தான் அடிப்பாள். அன்றைக்கு அவள் பெயர், கணவர் பெயர், ஊர் எல்லாவற்றையும் வருகிற இடத்திலெல்லாம் மாற்றிச் சேமித்துவிட்டாள். நடுவில் அடித்த விஷயத்தைச் சேமிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு திறந்தால் மேலே மாரியாத்தாள் பெயர், உள்ளே பழைய ஆளின் கதை. படித்துப் பார்க்காமல் பிரிண்ட் போட்டுவிட்டாள். அந்தப் பழைய ஆள், ஏதோ ஊர்ப் பெண், மனு மழையில் நனைந்துவிட்டது என்று இன்று மறுபடி கேட்டு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"உள்ளுக்குள்ள என்னன்னுங் இருக்குது?"

சாஜிதா தயங்கித் தயங்கிப் படித்தாள். "எனது கணவர் தம்பிதுரை தினமும் மது அருந்திவிட்டு வந்து என்னை அடிக்கிறார். அவர் குடியை நிறுத்த வேண்டும்..."

மாரியாத்தாள் தீவனச் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பிதுரை நாளைக்கு ஒரு காப்பிக்கு மேல் குடிக்காதவர். கல்யாண வீட்டில் சோடா கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவரைப் போய், அதுவும் வருஷ நோம்பித் திருவிழாவில் தானே ஒரு பாட்டில் சாராயம் படையலாக வாங்கிக்கொள்கிற முனியப்பனிடம், குடிகாரன் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

"நானே வந்து மாத்திக் கட்டிப்போட்டு வந்தரட்டுங்களாக்கா? முஸ்லிம்னா உள்ள உடுவாங்களா?"

"ஆரு வேண்ணாலும் வரலாம் அம்மணி. அது கரடு, கதவா இருக்குது? ஆனா அவுக்கறதுக்கு மொறை இருக்குது. வெசனப்படாதீங்க. நாம் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டு வைத்தாளே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

முறை என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பூசாரி கண்ணையா வீட்டுக்குப் போய்க் கேட்டாள். கண்ணையா கோழிக்கூண்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களே அவுத்துக் குடுத்துப்போடுங்களேன், புண்ணியமாப் போவுது."

"நாந் தொடப்படாதுங் அம்மணி. ஆருக்கோசரம் கட்டுனதோ அவிங்க கைதான் அவுக்கோணும். கட்டுன நீங்களே தொடப்படாது."

"ஆஸ்பத்திரிக்குப் போனதத் தவுர அவரு கேட்டத் தாண்டியே எட்டு மாசமாச்சுங்களே."

"அதுக்கு நானென்னங் பண்றது, சட்டம் நானா போட்டேன்?" என்ற கண்ணையா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்பியைக் கீழே வைத்தார். "ஊட்டுல சொல்லிப்போடுங் அம்மணி. தொரை அடுத்தவிங்க மனுவ ஆயிரம் கேட்டிருக்கறாரு. தன்ற மனுவக் கேக்க மாட்டாராக்கும்?"

அன்று மத்தியானம் மாரியாத்தாள் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். அவருக்குப் பிடித்தது. பூண்டு கூடுதலாகப் போட்டு, மேலே நெய்யும் ஊற்றினாள். தம்பிதுரை பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஆனைமலை போனது, கம்ப்யூட்டர், கரண்ட், பஸ், எல்லாம் சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியாம உங்க பேர்ல மனுக் கட்டிப்போட்டனுங். அதுவும் பொய் மனுவாப் போயிருச்சு. குடிச்சுப்போட்டு என்னைய அடிக்கறீங்கன்னு இருக்குதாமா. உங்க கையில அவுக்காட்டி அது அப்படியே நிக்குமுங். நீங்க எங்கிட்டப் பேசாட்டிப் போவுது. அத மட்டும் வந்து அவுத்துப்போடுங்."

தம்பிதுரை சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார், எழுந்து போய்க் கை கழுவினார். மாரியாத்தாள் தட்டை எடுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். வாழ்நாளில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை என்று நினைத்தாள். உள்ளே பீரோ கதவு கிரீச்சிட்டது. வெளியே வந்தவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

எட்டு மாதமாக மூலையில் நின்ற எக்ஸ்எல் வண்டி ஒன்பதாவது மிதியில்தான் கிளம்பியது. மாரியாத்தாள் பின்னால் ஏறிக்கொண்டாள். கரட்டுக்குப் போக வேண்டுமென்றால் கிழக்குத் தோட்டத்து ஓரமாகத்தான் மெயின் ரோட்டுக்கு வர வேண்டும், வேறு தடம் கிடையாது. அவர் வண்டியை மெதுவாக்கினார். அறுபத்திரண்டு அடிமரமும் சாரலில் நனைந்து கறுத்துப்போய் வரிசை வரிசையாக இருந்தன. இடுக்கில் கோரை முளைத்திருந்தது. அவர் முதுகு விறைப்பதை அவள் கையில் உணர்ந்தாள். தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். வண்டி நிற்கவில்லை.

கரட்டில் காற்று ஆளைத் தள்ளியது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று, எதிரே நின்று பேசினால் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். கண்ணையா இவர்களைப் பார்த்ததும் தெற்கு ஓரத்து வேலின் பக்கம் கையைக் காட்டினார். நாலு நாள் ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. தம்பிதுரை நகத்தால் நெம்பினார், முடியவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். கயிறு வந்தது.

தாளைப் பிரித்துப் படித்தார். முழுவதும் படித்தார், பின்கோடு வரைக்கும். மாரியாத்தாள் அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் சாமியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம் புள்ள."

அவளுக்கு முதலில் கண்ணையா பேசுகிறார் என்றுதான் தோன்றியது.

"அடிச்சு மண்டைய ஒடைக்கறன்னு போட்டிருக்குது. உன்ற மண்டைல காயத்தையே காணம்?"

குரல் கரகரவென்று, அடைத்துக்கிடந்த மோட்டாரில் தண்ணீர் வருவதுபோல விட்டு விட்டு வந்தது. தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோய் அவள் திரும்பினால், சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, வந்த தண்ணீர் நிற்கவில்லை. எந்த இடத்தில் சிரிப்பு முடிந்து அழுகை ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணையா விபூதித் தட்டைத் துடைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரியாத்தாள் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். முப்பத்தொரு வருஷத்தில் வெளியிடத்தில் அவர் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணையா கனைத்தார். "தொரை, மனுவ அவுத்தா அந்த வேல வெறுமனே உடப்படாது. அம்மணி கேக்க வந்தத எழுதிக் கட்டிப்போட்டுப் போங்க."

"தாளு?" என்றாள் மாரியாத்தாள்.

தம்பிதுரை கையிலிருந்த தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. கண்ணையா சட்டைப் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக் கொடுத்தார். பலிபீடத்துக்குக் கீழே காற்று படாத படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். அங்கேயும் தாள் படபடத்தது. மாரியாத்தாள் தன் உள்ளங்கையை அதன் ஓரத்தில் அழுத்தி வைத்தாள்.

அவர் எழுதத் தொடங்கினார். பழைய எழுத்து அப்படியே வரவில்லை. மாத்திரையாலோ என்னவோ வரி வலது பக்கம் இறங்கியது. ஆனாலும் அது அவர் எழுத்துதான், படிக்கத் தெரியாத மாரியாத்தாளுக்கும் தெரிந்தது. பெறுநர் எழுதினார், பின்கோடு போட்டார். பேனாவைத் தூக்கினார்.

"சொல்லு."

அவரைப் பற்றி அவரிடமே எப்படிச் சொல்வது? ஆனைமலையில் அந்நியப் பெண்ணிடம் தடையில்லாமல் வந்தது இங்கே வரவில்லை. கடைசியில் சாமியைப் பார்த்தபடி சொன்னாள்.

"என்ற ஊட்டுக்காரருக்கு ஒடம்பு தேவலையாவோணும். நல்லாத் திங்கோணும். கேட்டத் தாண்டிப் போயிட்டு வரோணும்."

அவர் எழுதினார்.

"ஊடு ரொம்ப அமைதியா இருக்குதுங் சாமி. எனக்குப் பயமா இருக்குது. காலைல எந்திரிச்சதும் அவரு மூச்சு விடறாரான்னு பாக்கறேன். அதையும் எழுதுங்."

பேனா நின்றது. பிறகு எழுதியது.

"மரத்த வெட்டச் சொன்னது நான். அவரு மனசு நோவுமுன்னு தெரிஞ்சும் சொன்னேன். அதுக்கு என்னைய மன்னிச்சுப்போடோணும்."

தம்பிதுரை எழுதவில்லை. 

"எழுதுங். சாமிகிட்ட மறைக்கப்படாது."

"அதெதுக்கு எழுதோணும்? நீ சொல்லலீன்னா மேக்காலத் தோட்டமும் போயிருக்கும். நானா இருந்தா இன்னம் வேப்பம்புண்ணாக்கு வெச்சுட்டிருப்பேன். நீ சொன்னதுதான் சரி."

"அப்பறம் ஏனுங் எங்கிட்டக் கோவம்?"

"ஆரு சொன்னா கோவம்னு?" அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "கோவமில்ல புள்ள. வாயத் தொறந்தா மரம்னுதான் வருது. அதச் சொல்லிச் சொல்லி உன்னையும் நோவடிக்கோணுமான்னு இருந்துட்டேன். இருக்க இருக்க, அப்பறம் எப்படித் தொறக்கறதுன்னே தெரியல."

எட்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்தது அப்படியே இறங்கிப்போனது. மாரியாத்தாள் ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள், இன்னொரு கை தாளை விடவில்லை. "மரம்னே சொல்லுங். நாங் கேட்டுக்கறேன். கோழிகிட்டப் பேசறதுக்கு அது எவ்வளவோ தேவல."

அவர் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி, அச்சடித்த பக்கத்தையும் பார்த்தார். "இந்த அம்மணி ஆருன்னு தெரியுமா?"

"பேரு தெரியலீங். ஏதோ ஊர்ப் பொம்பள. மனு நனைஞ்சு போச்சுன்னு திரும்ப வந்துச்சாமா."

அவர் மறுபடி திருப்பி, அடியில் ஒரு வரி எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். "பின்பக்கம் கண்ட அம்மணியின் மனுவையும் தயவுசெய்து கவனிக்க வேண்டியது. அவர் வீட்டுக்காரர் பெயர் தம்பிதுரை அல்ல."

கண்ணையா அங்கிருந்தே சத்தமாகச் சிரித்தார். தம்பிதுரை சிரிக்கவில்லை. எழுதுவதென்றால் முறையாக எழுத வேண்டும். பேனாவைத் தூக்கிக்கொண்டு, வேப்பமரத்தடியில் எத்தனையோ பேரைக் கேட்ட அதே மரியாதையோடு, பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"வேறெ ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மாரியாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேக்க வந்ததே அதுதானுங். அவரு பேசோணும்னு எழுதுங்."

"பேசிட்டுத்தான இருக்கறேன். அத எதுக்கு எழுதறது?"

"நாளைக்கும் பேசோணும்னு எழுதுங்."

 அவர் குனிந்து எழுதினார். இப்படிக்கு என்று போட்டு, தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். அவர் நான்காக மடித்துக் கொடுத்தார். அவள் பழைய மஞ்சள் கயிற்றிலேயே சுற்றி, அதே வேலில் மூன்று முடிச்சாகக் கட்டினாள்.

இறங்கும்போது பாதிப் படியில் தம்பிதுரை நின்றார்.

"நாளைக்கும்னு எழுதிப்போட்டமே. எந்த நாளு வந்தாலும் அதுக்கொரு நாளைக்கு இருக்குமே. அப்பறம் நான் எப்பத்தான் வந்து அவுக்கறது?"

"அவுக்க வேண்டாமுங்" என்றாள் மாரியாத்தாள்.